தெலுக் ஆயர் முதல் மார்க்கெட் தெரு வரை: சிங்கப்பூரின் பழந்தமிழ்த் தெருக்கள்

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றைக் கற்பிக்க விழையும் ஆசிரியர்கள் மாணவர்களைப் பெரும்பாலும் சிராங்கூன் சாலைக்கே அழைத்துச் செல்கின்றனர். அதில் தவறில்லை. ஆயினும், தமிழர் முதலில் காலூன்றிய தெருக்கள் இன்று சைனாடவுன் என்றும் வணிக வட்டாரம் என்றும் வழங்கும் பகுதியில் உள்ளன. ஒரு முற்பகலில் நடந்தே அவற்றைக் கண்டுவிடலாம்.

தெலுக் ஆயர் தெருவில் தொடங்குவது பொருத்தமாகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் தூர்க்கப்படும்வரை இத்தெருவே கரையோரமாக இருந்தது. கப்பலிலிருந்து இறங்கியோர் நன்றி செலுத்திய தலங்கள் இங்கு வரிசையாக நிற்பதற்கு அதுவே காரணம். 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா, அதனையடுத்து ஹொக்கியன் சீனரின் தியன் ஹொக் கெங் கோயில், சற்றுத் தள்ளி அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827இல் குடிசையாகத் தோன்றிய இப்பள்ளி, 1850களில் செங்கற் கட்டடமான பின்னரும் தமிழர் நாவில் 'குச்சுப் பள்ளி'யாகவே நிலைத்தது. குச்சு என்பது சிறு குடில். மறைந்துபோன அக்குடிலுக்கு இப்பெயரே சான்று.

1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளைக்கும் கோயில் அமைக்க முதலில் இத்தெருவிலேயே நிலம் கிடைத்தது. பூசைக்குரிய நன்னீர் அங்கில்லை. இறுதியில் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் ஸ்ரீ மாரியம்மன் கோயில் எழுந்தது. அருகிலுள்ள பகோடா தெருவும் டெம்பிள் தெருவும் பெயர் பெற்றது இக்கோயிலால்தான் என்பதைச் சைனாடவுனில் பொருள் வாங்கச் செல்லும் தமிழரே பலர் அறியார்.

1822இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டம் சூலியாக்களுக்கு ஆற்றின் மேற்பகுதியில் தனிக் கம்போங் ஒதுக்கியது. தரையில் நாம் காண்பது வேறு. படகும் சந்தையும் கடனும் இருந்த இடத்தையே மக்கள் நாடினர். திட்ட வரைபடத்தைக் குடியிருப்பின் வரலாறாகக் கொள்வது பிழையாகிவிடும். காலால் அளந்தால் இது எளிதில் விளங்கும்.

சூலியா தெரு 1920களின் தொடக்கம் வரை 'கிளிங் தெரு'. இந்தியர் வெறுத்த அச்சொல் நீக்கப்பட்டது. அதனருகே மார்க்கெட் தெரு, அதாவது தமிழரின் செட்டித் தெரு. கிட்டங்கிகள் அகன்றபின் அத்தெருவில் 1984இல் எழுந்த கோல்டன் ஷூ கார் நிறுத்துமிடமும் 2017இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. இன்று அங்கு வானுயர் கட்டடம். மாணவருக்குக் காட்ட ஒரு கதவுகூட எஞ்சவில்லை. நீண்ட கூடத்தின் தரையில், ஒவ்வொரு செட்டியாருக்கும் ஒரு சிறு மேசையும் ஒரு பெட்டகமும். பகலில் வட்டிக் கணக்கு, இரவில் அங்கேயே உறக்கம். நடைபாதையில் நின்று இதனைச் சொல்லியே விளக்க வேண்டியுள்ளது.