தோரமல்லிக் கல் தந்த மின்சாரம்

நம் காலனியின் அடுக்களைகளில் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரைக் காணாதார் இலர். அதனுள் பாட்டரி இல்லை. சுருள்வில்லின் விசையால் சிறு சுத்தியல் ஒன்று பீங்கான் போன்ற துண்டைத் தட்டுகிறது. அத்தட்டலே பல்லாயிரம் வோல்ட் மின்சாரமாகிப் பொறியாய்ப் பறக்கிறது. இப்பொறியின் பூர்வோத்தரத்தைத் தேடிச் செல்வோமாயின், இலங்கைத் தீவை அடைவோம்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்த வணிகர் அங்கிருந்து ஒருவகை மணிக்கற்களைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். சிங்கள மொழியின் 'தோரமல்லி' ஐரோப்பியர் நாவில் 'டூர்மலின்' ஆயிற்று. சூடேறிய அக்கல் சாம்பலைத் தன்பால் இழுத்தமையின், 'சாம்பல் இழுப்பான்' என்றும், 'இலங்கைக் காந்தம்' என்றும் அதனை அழைத்தனர். அது காந்தமன்று, மின்சாரமே என்று 1756இல் ஏபினஸ் என்னும் அறிஞர் காட்டினார். கல்லின் பெயரேனும் நிலைத்தது. மண்ணை அரித்து அதனை எடுத்தோர் பெயர்கள் நிலைக்கவில்லை.

1880இல் பாரிசில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர் இருவர் அக்கல்லைச் சூடாக்காமல் அழுத்திப் பார்த்தனர். அப்போதும் மின்சாரம் தோன்றிற்று! குவார்ட்சு, புஷ்பராகம், கரும்புச் சர்க்கரைப் படிகம் ஆகியவற்றிலும் அவ்வியல்பைக் கண்டனர். (நம் கற்கண்டும் இவ்வினத்ததே, குழந்தைகளிடம் சொல்லலாம்.) பின்னர், பழைய கிராமபோன் பெட்டிகளில் ஊசியின் அதிர்வை மின்னலையாக்கியதும் இத்தகைய படிகமே.

ஆண்டுதோறும் ஆளந்தியிலிருந்து ஞானேசுவரர் பல்லக்கு நம் விஷ்ராந்த்வாடி வழியே செல்கையில், வாரகரி அடியார்தம் காலடிகளால் தெருவிளக்கை எரிக்கலாகாதோ என அன்பர் சிலர் வினவுவர். கணக்கு அதற்கு இடந்தரவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தார் இத்தகைய பீங்கானைக் காலணியுள் வைத்து, சராசரியாக 8 மில்லிவாட் அளவே பெற்றனர். 9 வாட் விளக்கு ஒன்றிற்கு ஆயிரத்திற்கு மேற்பட்டோர் அத்தகைய காலணியோடு இடைவிடாது நடத்தல் வேண்டும். எனினும், சில அடிகளுக்கு ஒருமுறை வானொலிக் குறிப்பு ஒன்றை அனுப்ப அச்சிறு மின்சாரம் போதியதாயிற்று.

அதன் உண்மைப் பயன் அங்கேதான் உள்ளது. பாட்டரி மாற்ற ஆள் எளிதில் ஏறமுடியாத பாலத்தின் அடிப்புறத்திலும், ஓயாது அதிரும் இயந்திரத்தின் மேலும், முனையில் எடை கட்டிய மெல்லிய பீங்கான் தகடு ஒன்றைப் பொருத்துகின்றனர். இயந்திரத்தின் அதிர்வு எண்ணோடு தகட்டின் அதிர்வு எண் ஒத்தாலன்றி விளைச்சல் இல்லை. வீணைத் தந்திக்குச் சுருதி கூட்டுவது போன்ற வேலை அது. துளித்துளியாய்ச் சேரும் மின்சாரத்தைக் கொண்டு, உணர்கருவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை விழித்து, வெப்பத்தையோ விரிசலையோ அறிவித்து, மீண்டும் உறங்குகிறது.