நோட்டீஸுக்கும் நெருப்புக்கும் நடுவே

கோவாவின் ஆர்ப்போராவில் 2025 டிசம்பர் 6 நள்ளிரவில் ஓர் இரவு விடுதி எரிந்தது. இறந்த 25 பேரில் பெரும்பாலோர் அங்கே வேலை பார்த்தவர்கள். கீழ்த்தளச் சமையலறைப் பக்கம் சிக்கி, மேலே வர வழியில்லாமல் புகையில் மூச்சடைத்துப் போனார்கள். முதலாளிகள் சில மணி நேரத்தில் தாய்லாந்துக்கு விமானம் ஏறிவிட்டார்கள். பிறகுதான் பிடித்துக் கொண்டுவரப்பட்டார்கள். அந்தக் கட்டடத்தை இடிக்கச் சொல்லி ஊராட்சி முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்ததும், மேலதிகாரிகள் அதை நிறுத்திவைத்ததும் அதன்பின் வெளிவந்தன.

இந்தக் கதை சென்னை தி.நகருக்கு நன்றாகத் தெரியும்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி 28-க்குள் விதியை மீறிக் கட்டியவர்கள் கட்டணம் செலுத்தி வரன்முறை செய்துகொள்ளலாம். ஒரே தடவைக்கு என்றுதான் சொன்னார்கள். கெடு தேதியோ மறுபடி மறுபடி நகர்ந்தது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. மறு ஆண்டே அவசரச் சட்டம் வந்து விதிமீறல் கட்டடங்களுக்குக் குடை பிடித்தது. 2008 செப்டம்பர் 1 அன்று தி.நகர் ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸ் கடை எரிந்து இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். 2011 அக்டோபர் 31 அன்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அந்தத் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் விதிமீறிக் கட்டிய பெரிய கடைகளுக்குச் சீல் வைத்தது. பொங்கல் வியாபாரம் நெருங்கிய 2012 ஜனவரியில், சில வாரங்களுக்குத் திறந்துகொள்ள உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

வரன்முறை என்ற பெயரில் மன்னிக்கப்பட்டது என்ன? முக்கியமாக, கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய காலி இடம். தீயணைப்பு வண்டி சுற்றி வருவதும், ஏணி சாய்ப்பதும், பக்கவாட்டிலிருந்து தண்ணீர் அடிப்பதும், உள்ளிருப்பவர்கள் இறங்கி நிற்பதும் அங்கேதான். அதை விற்க அரசுக்கு என்ன உரிமை என்று நான் ஆத்திரத்தோடுதான் கேட்கிறேன்.

2017 மே 31 விடியற்காலையில் உஸ்மான் சாலை சென்னை சில்க்ஸ் துணிக்கடையில் கீழிருந்து புகை கிளம்பியது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மறைப்பு. உள்ளே அடுக்கடுக்காகத் துணி. புகை வெளியேறவும் வழியில்லை, தண்ணீர் உள்ளே போகவும் வழியில்லை. வீரர்கள் கண்ணாடியை உடைத்தார்கள், சுவரில் துளை போட்டார்கள். அப்படியும் ஒரு நாளைக்கு மேல் எரிந்தது. மறுநாள் விடிவதற்குள் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. மேல்தளத்தில் இருந்த ஊழியர்களை இறக்கிவிட்டார்கள். கடை திறக்காத நேரம் என்பதால் தீயில் யாரும் சாகவில்லை. பின்னால் இடிக்கும் வேலையில் ஒரு தொழிலாளி இறந்தார். ஆடித் தள்ளுபடி நாளின் மாலை ஏழு மணியாக இருந்திருந்தால் எத்தனை பேர் உள்ளே இருந்திருப்பார்கள் என்பது அந்தச் சாலையில் நடந்த எவருக்கும் தெரியும்.

இத்தகைய சாவுகளுக்குப் பொறுப்பு யார்? தீ விபத்தில் 59 பேர் மாண்ட டெல்லி உபஹார் திரையரங்கில் (1997 ஜூன் 13) பால்கனியின் ஒரு நடைபாதையை அடைத்து இருக்கை போட்டிருந்தார்கள். இழப்பீட்டில் 55 சதவீதத்தை உரிமையாளர் தரவேண்டும். மாநகராட்சி, மின் வாரியம், உரிமம் தந்த காவல் துறை மூன்றும் தலா 15 சதவீதம் தரவேண்டும் என்று 2003-இல் டெல்லி உயர் நீதிமன்றம் பிரித்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியையும் காவல் துறையையும் விடுவித்து, உரிமையாளர் பங்கை 85 ஆக்கியது. உரிமையாளர்மேல் எனக்குப் பரிவு கிடையாது. ஆனால் கையெழுத்துப் போட்டவருக்குச் செலவே இல்லை என்றால், அவர் அடுத்த கோப்பை எதற்காக ஊன்றிப் படிப்பார்? 2003 தீர்ப்பே சரி என்பது என் எண்ணம்.

சென்னை சில்க்ஸ் எரிந்து மூன்று வாரம் கழித்து, 2017 ஜூன் 22 அன்று, தமிழக அரசு ஓர் ஆணை வெளியிட்டது. 2007 ஜூலை 1-க்கு முன் விதிமீறிக் கட்டியவற்றை வரன்முறை செய்ய, புதிய விதிகள்.