முந்திரி ஃபெனி: பழமும் வடிகலமும்

முந்திரி ஃபெனி என்பது கோவாவில் முந்திரிப் பழச்சாற்றைப் புளிக்கவைத்து, ‘பட்டி’ எனப்படும் சிறு வடிசாலைகளில் காய்ச்சி இறக்கும் மதுபானம். 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. 2016இல் கோவா அரசு இதைப் பாரம்பரிய பானமாக அறிவித்தது. அதுவரை நாட்டுச் சாராயம் என்ற வகைக்குள் கிடந்ததால் வெளிமாநிலங்களுக்குக் கொண்டுபோய் விற்க வழியில்லை. தென்னங்கள்ளிலிருந்து இறக்கும் ஃபெனியும் உண்டு. முந்திரி மரத்தைப் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில்தான் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தனர் என்பதால், தென்னை ஃபெனியே மூத்தது எனக் கருதப்படுகிறது.

பழத்தை யாரும் மரத்திலிருந்து பறிப்பதில்லை. மார்ச் முதல் மே வரை தானாக உதிரும் பழத்தைத்தான் பொறுக்குவார்கள். பறித்த பழத்தில் துவர்ப்பு மிகுதி, இனிப்புக் குறைவு. உதிர்ந்ததையும் உடனே எடுத்தாக வேண்டும். வெயிலில் கிடந்தால் புளித்துக் காடி வாடை ஏறிவிடும். பட்டிகள் ஊருக்குள் இல்லாமல் மலைச்சரிவுத் தோப்புகளை ஒட்டியே இருப்பதற்கு இதுவே காரணம்.

கொட்டையைத் திருகி எடுத்தபின், பாறையில் குடைந்த தொட்டியில் பழத்தைக் கொட்டிக் காலால் மிதிப்பது பழைய முறை. மிதித்த சக்கையைக் குவியலாக்கி, ‘நுடி’ என்னும் கொடியால் இறுகச் சுற்றி, மேலே பாரக்கல் ஏற்றுவார்கள். அதிலிருந்து சொட்டும் தெளிந்த சாறு ‘நீரோ’. அது அப்படியே குடிப்பதற்கு. மிதிக்கும்போது வழிந்த சாறுதான் ஊறலுக்குப் போகும். இப்போது பல பட்டிகளில் பிழியும் எந்திரம் வந்துவிட்டது.

ஊறலில் ஈஸ்ட், சர்க்கரை, தண்ணீர் எதுவும் சேர்ப்பதில்லை. பழத்தோடு வரும் இயற்கை ஈஸ்ட்டே சுமார் மூன்று நாளில் வேலையை முடித்துவிடும். நுரை அடங்கியதும் காய்ச்ச வேண்டும். தாமதித்தால் சாராயம் காடியாகத் திரியும்.

பழைய அடுப்பில் மண்பானையே கொதிகலம். அதன் வாயை அடைத்து மண்பூசி, பக்கவாட்டில் ஒரு குழாய் செருகி, மறுமுனையை ‘லவ்ணி’ என்ற மண்கலத்தில் விடுவார்கள். லவ்ணி தண்ணீர்த் தொட்டியில் பாதி மூழ்கியிருக்கும். ஒருவர் அருகிலேயே உட்கார்ந்து அதன்மேல் ஓயாமல் தண்ணீர் மொண்டு ஊற்ற, உள்ளே ஆவி குளிர்ந்து சொட்டும். இன்று பெரும்பாலும் செம்புக் கலமும் சுருள் குழாயும்.

முதல் வடிப்பு ‘உர்ராக்’. சாராயச் சத்து சுமார் 15 விழுக்காடு. கோடையில் எலுமிச்சை, உப்பு, கீறிய பச்சை மிளகாயோடு அருந்துவார்கள். உர்ராக்கைப் புதிய ஊறலோடு கலந்து மறுபடி காய்ச்சினால் ஃபெனி, 42 முதல் 45 விழுக்காடு.

மண்ணா, செம்பா என்ற வாதம் பட்டிக்காரர்களிடையே ஓய்ந்தபாடில்லை. மண்பானையில் தனி மணம் வரும் என்பது பழையவர் கட்சி. ஆனால் செம்பு வெப்பத்தைச் சீராகப் பரப்புகிறது. கந்தகச் சேர்மங்களோடு வினைபுரிந்து அழுகல் வாடையையும் போக்குகிறது. இந்த வழக்கில் செம்பின் பக்கமே நியாயம். உண்மையான ஆபத்து பற்றவைப்பில் இருக்கிறது. ஈயம் கலந்த பற்று வைத்த குழாயில் அமிலமுள்ள ஆவி படும்போது ஈயம் கரைந்து சாராயத்தில் இறங்கும். பழைய வாகன ரேடியேட்டரைக் குளிர்விப்பானாகப் பயன்படுத்திய கள்ளச்சாராயத்தால் பலர் ஈய நஞ்சுக்கு ஆளானது பதிவாகியுள்ளது.

மெத்தனால் பற்றிய அச்சமும் உண்டு. பழச்சக்கையிலுள்ள பெக்டின் சிதையும்போது சிறிதளவு மெத்தனால் உண்டாவது இயல்பு. சக்கையை நீக்கிச் சாற்றை மட்டும் ஊறவைத்தால் அது குறையும். முதலில் சொட்டுவதைக் கொட்டிவிட்டால் மெத்தனால் முழுக்கப் போய்விடும் என்ற நம்பிக்கை சரியல்ல. அது எத்தனாலோடு கலந்து கடைசிவரை வந்துகொண்டே இருக்கும். முதல் சொட்டுகளை ஒதுக்குவதால் குறைவது அசிட்டால்டிஹைடு, எத்தில் அசிட்டேட் போன்ற நெடியுள்ள பொருள்களே.

கோவாவில் பட்டி நடத்தக் கலால் துறையின் உரிமம் வேண்டும். தமிழ்நாட்டில் பண்ருட்டி வட்டாரத்திலும் முந்திரி ஏராளமாக விளைகிறது. ஆனால் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அனுமதியின்றிச் சாராயம் காய்ச்சுவது குற்றம். கொட்டையை எடுத்தபின் பழத்தின் பெரும்பகுதி அங்கே தோப்பிலேயே அழுகிப்போகிறது.