குரோம்பேட்டையில் 'குரோம்' எங்கிருந்து வந்தது? ஒரு கேணியின் கதை (நீண்ட இழை)

1/
மாம்பலத்தில் ஏறி தாம்பரம் போற மின்சார ரயிலில் பல்லாவரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. தினமும் எத்தனை ஆயிரம் பேர் இறங்குறோம்! அந்தப் பேர்ல இருக்கிற 'குரோம்' யாருன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? சாமி பேரும் இல்லை, ஜமீன்தார் பேரும் இல்லை. அது குரோமியம் என்கிற உலோகம்.

2/
20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் குடும்பம் இங்கே குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலையை நடத்தியது. அதைச் சுற்றி வளர்ந்த பேட்டை, குரோம்பேட்டை. ஒரு ரசாயனத்தின் பெயரை ஊர்ப்பெயராக வைத்திருக்கும் இடம் நமக்குத் தெரிஞ்சு வேறெங்கே இருக்கு, சொல்லுங்க?

3/
இப்போ இன்னொரு பேர். பல்லாவரத்திலிருந்து திருநீர்மலை போற வழியில் நாகல்கேணி. திருவல்லிக்கேணியில் இருக்கே, அதே கேணி. கேணி என்றால் கிணறு, குளம். தண்ணீரை வைத்துப் பெயர் வாங்கிய ஊர் அது. அந்த ஊர்த் தண்ணீர்தான் பிற்காலத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இடம் பிடித்தது. நல்ல காரணத்துக்காக அல்ல.

4/
ஒரு ஊர் ரசாயனத்தால் பெயர் வாங்கியது, பக்கத்து ஊர் கிணற்றால் பெயர் வாங்கியது. ரெண்டுக்கும் நடுவில் ஒரு நூற்றாண்டு. டாக்டரா எனக்கு இந்தக் கதையில் ஒரு கேள்வி இருக்கு. அதைக் கடைசியில் சொல்றேன். முதல்ல வரலாறு.

5/
குரோமுக்கு முன்னாடி நம்ம ஊர்ல தோலை எதை வச்சுப் பதப்படுத்தினாங்க? ஆவாரம்பட்டை. ஆமாங்க, 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ'ன்னு சொல்வாங்களே, அதே ஆவாரை. அந்தப் பட்டையில் இருக்கும் துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் நிறுத்தும். ஆனா வாரக்கணக்கில் ஊற வேண்டும்.

6/
அப்படிப் பதமான மதராஸ் தோலுக்கு லண்டன் சந்தையில் தனி மதிப்பு. முதல் உலகப்போர் வந்ததும் பட்டாளத்து பூட்ஸுக்காக இந்தத் தோலை பிரிட்டிஷ் அரசே வாங்கிக் குவித்தது. பெரியமேட்டின் தோல் மண்டிகள் செழித்தது இந்த வியாபாரத்தில்தான்.

7/
குரோம் முறை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1884இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை வாங்கினார். வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. தோல் மெல்லிசாக, வளைவாக, தண்ணீர் பட்டாலும் கெடாமல் வந்தது. இன்னிக்கு உலகத்தில் தயாராகும் தோலில் பெரும்பகுதி இந்த முறையில்தான்.

8/
அதை மதராஸுக்குக் கொண்டுவந்தவர் ஆல்ஃப்ரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர். எழும்பூர் கலைப் பள்ளியில் (இன்றைய கவின்கலைக் கல்லூரி) அலுமினியப் பாத்திரம் செய்யப் பழக்கியவரும் இவரே. 1903 வாக்கில் குரோம் தோல் சோதனையில் இறங்கினார். எதுக்குன்னு நினைக்கிறீங்க? அவர் குறிவைத்த முக்கியமான பொருள்களில் ஒன்று, கவலை ஏற்றத்தில் மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் தோல் பை!

9/
இதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. விவசாயி கிணற்றிலிருந்து நல்லா தண்ணீர் இறைக்கணும் என்றுதான் குரோம் தோல் இந்த மண்ணில் கால் வைத்தது. சாட்டர்டன் கெட்டவர் இல்லை. உள்ளூர்த் தொழில் வளரணும்னு வெள்ளைக்கார வியாபாரிகளிடமே மல்லுக்கட்டியவர். கழிவுத் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வியை அந்தக் காலத்தில் யாரும் பெரிசா கேட்கவில்லை, அவ்வளவுதான்.

10/
சரி, தோல் தொழிற்சாலைக்குள்ள என்ன நடக்குது? அறுத்த தோல் அழுகாமலிருக்க உப்பில் போட்டு வரும். தோல் எடையில் கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்குக்கும் மேல் உப்பு. அதை ஊறவைத்து அலசணும். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு முடி நீக்கணும். பிறகு அமிலம், மறுபடி உப்பு. அதுக்கப்புறம்தான் குரோம்.

11/
ஒரு டன் பச்சைத் தோலுக்கு 30 முதல் 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர் செலவாகும். முடிவில் கிடைக்கும் நல்ல தோல் 200, 250 கிலோ. மிச்சமெல்லாம் கழிவு. பழைய முறையில் போட்ட குரோமியத்தில் மூணில் ரெண்டு பங்குதான் தோலில் ஏறும். மீதி தண்ணீரோடு வெளியே போயிடும்.

12/
இங்கே கொஞ்சம் மருத்துவம். குரோமியம் ரெண்டு வேஷத்தில் வரும். மூன்று இணைதிறன் கொண்டது, ஆறு இணைதிறன் கொண்டது. தோல் பதனிட இப்போது பயன்படுவது மூணு. அது ஒப்பீட்டளவில் சாது, ஆனால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். ஆறு அப்படி இல்லை. கையில் ஆறாத குழிப்புண், மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை, வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் வகைப் புற்றுக்காரணியாகவே வைத்திருக்கிறது.

13/
'அப்போ மூணு ஓகே தானே டாக்டர்?' மண்ணில் மாங்கனீஸ் ஆக்ஸைடு போன்றவை இருந்தால் மூணு மெதுவா ஆறாக மாறக்கூடும். அதுவும் போக, கிராமத்துக் கிணற்றை முதலில் கொன்றது பெரும்பாலும் குரோமியம் இல்லை. உப்பு! நம்ம வீட்டுச் சாதாரண உப்பு. குரோமியம் ஓரளவு வண்டலோடு படிந்துவிடும். உப்பு படியாது. தண்ணீரோடு தண்ணீராக நிலத்தடிக்குப் போய், பயிரையும் குடிநீரையும் சேர்த்துக் கெடுக்கும்.

14/
1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. கிண்டி பொறியியல் கல்லூரிக்குப் பக்கத்தில், சர்தார் பட்டேல் சாலையில் நீங்க பார்த்திருப்பீங்க. அதன் புகழ்பெற்ற இயக்குநர் யலவர்த்தி நாயுடம்மா. தோலைத் தொட்டாலே தீட்டு என்று நினைத்த நாட்டில் தோலை அறிவியலாக்கிய மனிதர். 1985இல் கனிஷ்கா விமான வெடிகுண்டில் உயிரிழந்தவர்களில் அவரும் ஒருவர்.

15/
1970களின் தொடக்கத்தில் ஒரு பெரிய திருப்பம். சீதாராமையா கமிட்டி சொன்னபடி, பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுசா முடித்த தோலாகவும் செருப்பாகவும் விற்றால் நாட்டுக்கு லாபம், வேலை. நியாயமான யோசனைதான். அதே காலத்தில் மேலை நாடுகளில் மாசுச் சட்டங்கள் இறுகின. சுத்தமான செருப்பு அங்கே போச்சு, அழுக்குத் தண்ணீர் இங்கே தங்கிடுச்சு.

16/
பல்லாவரம், குரோம்பேட்டை, பம்மல், நாகல்கேணி. அப்புறம் பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. தெற்கே திண்டுக்கல். கிராமத்துக் கிணறுகள் நிறம் மாறின. பல்லாவரம் பக்கத்து நிலத்தடி நீரைச் சோதித்த அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குடிநீருக்கான எல்லையான லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டிய குரோமியத்தைப் பல இடங்களில் கண்டார்கள்.

17/
மயிலாப்பூர், அடையாறில் இருக்கிறவங்க 'அது எங்கேயோ புறநகர்ல'ன்னு நினைக்க வேண்டாம். திருநீர்மலை, அனகாபுத்தூர், பம்மல் ஓரமா வர்ற அந்த ஆறுதான் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் தாண்டி உங்க அடையாறாகக் கடலில் கலக்கிறது. தோலை ஆராயும் நிலையம் ஆற்றின் கீழ்ப்பக்கம், தோலைப் பதப்படுத்தும் கிராமம் மேல்பக்கம். ரெண்டும் ஒரே ஆறு.

18/
1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. எம்.சி. மேத்தா வாதாடினார். 5 மாவட்டங்கள், 900க்கும் மேற்பட்ட தோல் ஆலைகள். நம்ம அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அதில் உண்டு. தீர்ப்பில் பதிவான கணக்கு: ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ பாழ். திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனவை.

19/
1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொன்னது. சட்ட மாணவர்கள் இன்னிக்கும் படிக்கிற தீர்ப்பு. ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, கெடுத்தவனே காசு கொடுக்கணும். ரெண்டு, கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆலையைச் சேரும், கிராமத்தானைச் சேராது.

20/
இந்த ரெண்டாவது விஷயம் எவ்வளவு பெரிசுன்னு ஒரு டாக்டரா சொல்றேன். ஒரு அம்மா வந்து 'இந்தத் தண்ணியாலதான் எனக்கு இது வந்துச்சா'ன்னு கேட்டா, ஒரு தனி ஆளுக்கு 'ஆமா'ன்னு உறுதியா சொல்ல மருத்துவத்தால் பெரும்பாலும் முடியாது. நோய்க்கு நாலு காரணம் இருக்கும், வெளிப்பட இருபது வருஷம் ஆகும். நிரூபிச்சாதான் நியாயம் என்றால் கிராமம் என்றைக்கும் தோற்கும். அந்தப் பாரத்தைத்தான் கோர்ட் இடம் மாற்றி வைத்தது.

21/
அப்போ நஷ்டஈடு? தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001இல் வேலூர் மாவட்டத்துக்குக் கணக்குப் போட்டது. 29 ஆயிரத்துச் சொச்சம் பேருக்குச் சுமார் 26.8 கோடி ரூபாய். கேட்க பெரிய தொகை. வகுத்துப் பாருங்க. சராசரியா ஆளுக்கு 9,200 ரூபாய் அளவு. ஒரு கிணறும் அதை நம்பியிருந்த நிலமும் போனதுக்கு.

22/
ராணிப்பேட்டையில் குரோமிய உப்பு தயாரித்த ஆலை ஒன்று 1995 வாக்கில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற ரெண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு மலையாக நின்றது. 2006இல் உலகின் மிக மாசுபட்ட 10 இடங்கள் பட்டியலில் ராணிப்பேட்டையும் வந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலை, அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

23/
பல்லாவரம், பாலாறு ரெண்டு பக்கமும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன. கழிவை வெளியே விடாமல் திரும்பப் பயன்படுத்தும் முறையும் வந்தது. அடையாறு நிலையம் தண்ணீர் சேர்க்காமலே குரோம் பதனிடும் முறையைக் கண்டுபிடித்தது. முன்னேற்றம் உண்மை. ஆனால் பிரித்தெடுத்த உப்பும் கசடும் எங்காவது இருந்தாகணுமே. நிலத்தடி நீரும் சட்டம் மாறியதும் சுத்தமாகிவிடாது, அதுக்குப் பல பத்தாண்டு தேவை.

24/
2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி பேசியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு உடனே இழப்பீடு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும், ஒருமுறை காசு கட்டியதோடு முடியாது, சூழல் சீராகும் வரை பொறுப்பு தொடரும் என்றது. 1991 வழக்கு. 34 வருஷம். வழக்கு போட்டபோது பிறந்த குழந்தைக்கு இன்னிக்குக் குழந்தை இருக்கும்.

25/
தோல் ஆலையையே மூடச் சொல்றேனா? இல்லை. அங்கே வேலை செய்யும் லட்சக்கணக்கான பேரில் பெரும்பாலோர் தலித், முஸ்லிம் குடும்பங்கள், நிறைய பேர் பெண்கள். ஊர் தீண்டாத வேலையை அவங்க தலையில் வைத்தோம். அதிலேயே சோறும் தேடிக்கொண்டார்கள். ஆலையைப் பூட்டினால் முதல் பட்டினி அவங்களுக்கு, திறந்து வைத்துச் சும்மா விட்டால் முதல் விஷமும் அவங்களுக்கு. அதனால் செலவை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி. செருப்பின் விலையில் அது சேரணும். கிணற்றில் சேரக் கூடாது.

26/
இப்போ நான் சொல்றேன்னு சொன்ன கேள்வி. 1700இல் இத்தாலிய டாக்டர் ரமாசினி தொழில் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தோல் பதனிடுவோருக்கும் அதில் இடம் உண்டு. நோயாளியிடம் டாக்டர் கேட்க வேண்டிய கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: 'நீ என்ன வேலை செய்யுறே?' 300 வருஷம் கழிச்சும் நம்ம ஓ.பி. சீட்டில் அந்தக் கட்டத்தில் பல நேரம் 'கூலி' என்ற ஒத்தை வார்த்தைதான் இருக்கும். எந்தக் கூலி? எந்த ரசாயனம்? எந்தத் தண்ணி? குரோம் புண், அறிவிக்க வேண்டிய தொழில்நோய் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டப் பட்டியலிலேயே வந்துவிட்டது. கேட்காத நோயை எப்படி அறிவிப்பது?

27/
அதனால் நீங்க செய்யக்கூடியது நாலு.
◾ எந்த டாக்டரிடம் போனாலும் உங்க வேலை என்ன, எத்தனை வருஷமா, எதைத் தொடுறீங்கன்னு நீங்களாகவே சொல்லுங்க.
◾ கொதிக்க வைத்தால் கிருமி சாகும், குரோமியமும் உப்பும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். தொழிற்பேட்டை பக்கத்துப் போர் தண்ணீரை ஆய்வகத்தில் சோதிக்காமல் குடிக்காதீங்க.
◾ கையில் ஆறாத குழிப்புண், அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்தால் அலட்சியம் வேண்டாம்.
◾ கழிவுத் தொட்டியில் ஒருத்தர் மயங்கினால் காப்பாற்ற நீங்களும் குதிக்காதீங்க. சல்ஃபைடு கழிவில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அளவு கூடினால் அது மூக்கையே மரத்துப்போகச் செய்யும், வாசனை தெரியாது. 101, 108 கூப்பிடுங்க.

28/
குரோம்பேட்டை, பம்மல், நாகல்கேணி, ஆம்பூர், வாணியம்பாடிக்காரங்க இருந்தா, உங்க வீட்டுப் பெரியவங்க எந்த வருஷம் வரைக்கும் கிணத்துத் தண்ணி குடிச்சாங்கன்னு கேட்டு இங்கே பதிலில் எழுதுங்க. எந்த ஆய்வுக் கட்டுரையிலும் அந்தத் தேதி இல்லை. அவங்ககிட்டதான் இருக்கு.