நாற்பதும் நூறும்

கல்லூரி ஆய்வக நுண்ணோக்கியின் சுழல்தட்டில் இரண்டு லென்ஸ்கள் அருகருகே இருக்கும். ஒன்றில் 40/0.65 என்று பொறித்திருக்கும், மற்றதில் 100/1.25. மாணவர்கள் பெரும்பாலும் முதல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நுணுக்கத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது எண்.

முதல் எண் உருப்பெருக்கம். பத்து மடங்கு கண்ணருகு லென்ஸோடு சேர்ந்தால் 400, 1000. இரண்டாவது, பொருளிலிருந்து விரிந்து வரும் ஒளிக்கூம்பில் எவ்வளவை லென்ஸ் வாங்கிக்கொள்கிறது என்பதன் அளவு. நுண்ணிய அமைப்புகள் ஒளியை அகன்ற கோணத்தில் சிதறடிக்கும். அந்தச் சாய்ந்த கதிர்களைத் தவறவிட்டால் அந்த அமைப்பும் பிம்பத்தில் வராது. ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபே 1873-இல் நிறுவியது இதைத்தான். பச்சை ஒளியில், நாற்பது லென்ஸ் சுமார் 0.5 மைக்ரான் இடைவெளியுள்ள புள்ளிகளைப் பிரித்துக் காட்டும்; நூறு லென்ஸ் சுமார் 0.27 மைக்ரான் வரை காட்டும். நாற்பதோடு 25 மடங்கு கண்ணருகு லென்ஸைப் பொருத்தினாலும் 1000 கிடைத்துவிடும்தான். ஆனால் பிரியாத புள்ளிகள் பிரியாமலே பெரிதாகும்.

நூறு லென்ஸை எண்ணெய்ச் சொட்டோடுதான் பயன்படுத்த வேண்டும். ஏன்? கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.52, காற்றுக்கு 1. கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் வரும் கதிர் வெளிப்பக்கம் விலகி ஓடுகிறது. சாய்வு 41 பாகைக்கு மேல் போனால் வெளியே வராமல் திரும்பிவிடுகிறது. ஸ்லைடுக்கும் லென்ஸுக்கும் நடுவே கண்ணாடிக்கு நிகரான எண்ணெய்ச் சொட்டு இருந்தால் கதிர் வளையாமல் நேரே ஏறும். காற்றில் எந்த லென்ஸின் இரண்டாவது எண்ணும் 1-ஐத் தாண்ட முடியாது, 1.25 என்பது அந்தச் சொட்டின் கொடை. 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபோது சாயத்தோடு எண்ணெய் லென்ஸும் ஒளியை ஸ்லைடின் மேல் குவிக்கும் அபேயின் கண்டென்சரும் அவருக்குத் துணைநின்றன. இன்றும் சளிப் பரிசோதனையில், சாதாரண ஒளியில் அந்தக் கிருமியைத் தேட நூறு லென்ஸ்தான்.

அதற்காக நாற்பதைத் தாழ்த்திவிட முடியாது. அதன் பார்வைப் பரப்பு நூறு லென்ஸைவிட ஆறு மடங்கு. வெளிச்சம் அதிகம், ஸ்லைடை முட்டிவிடும் பயமும் குறைவு. சிறுநீரில் உள்ள செல்களைத் தேட, திசுவின் அமைப்பைப் படிக்க அதுவே ஏற்றது. எண்ணெய் மட்டும் அதற்கு ஆகாது. நூறைப் பயன்படுத்தியபின் நாற்பதை அந்தச் சொட்டின் மேல் திருப்பினால் படம் மங்கிவிடும். பல ஆய்வகங்களில் நாற்பது லென்ஸ் கெடுவது இப்படித்தான்.

பள்ளிக்கோ ஆய்வகத்துக்கோ நுண்ணோக்கி வாங்குகிறவர்கள் விளம்பரத்தில் உள்ள 2000 மடங்கை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். லென்ஸைக் கையில் வாங்கி, சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண்ணைப் படியுங்கள்.