முதிரா வயதில் முதுமை: உடலுக்குள் அணையாத அழற்சி

பத்து வயதைக் கூட எட்டாத பிள்ளையின் முடி உதிர்ந்து, தோல் மெலிந்து, மூட்டுக்கள் இறுகி, குருதி நாடிகள் முதியவரின் நாடிகளைப் போன்று தடிப்படைந்துவிடும் அரிய நோயொன்று உண்டு. 'புரொஜீரியா' என அழைக்கப்படும் இந்நோயை 1886 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் முதன்முதலில் விவரித்தார். ஹேஸ்டிங்ஸ் கில்போர்ட் என்ற மருத்துவர் 1904 இல் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். 2009 இல் வெளிவந்த 'பா' என்ற இந்தித் திரைப்படத்தின் மூலம் நம்மில் பலர் இந்நோயை அறிந்திருப்பர். ஏறத்தாழ 40 இலட்சம் பிறப்புக்களில் ஒன்றிலேயே இது தோன்றுகிறது. சிகிச்சை பெறாத பிள்ளைகள் சராசரியாகப் பதினான்கு, பதினைந்து வயதளவில் மாரடைப்பினாலோ பாரிசவாதத்தினாலோ உயிரிழக்கின்றனர். எனினும் அவர்களது அறிவாற்றல் குன்றுவதில்லை.

இத்தகைய முதிரா முதுமை நோய்களில் உடலைச் சிதைப்பது பிறப்பிலேயே அமைந்த குறைபாடு மாத்திரமன்று. அக்குறைபாட்டுக்கு உடல் காட்டும் எதிர்வினையும் அதற்குத் துணைபோகிறது என்பதை அண்மைக்கால ஆய்வுகள் உணர்த்துகின்றன. அந்த எதிர்வினையே அழற்சியாகும்.

விரலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலிக்கிறது. கிருமிகளை அழிக்க வெண்குருதிக் கலங்கள் அங்கு விரைவதே இதற்குக் காரணம். வேலை முடிந்ததும் அழற்சி தணிந்துவிடும். தணியாது நீடிக்குமாயின், காப்பதற்காக எழுந்த அதே செயற்பாடு நாடிச் சுவர்களையும் தசைகளையும் அரிக்கத் தொடங்கும். முதுமையடையும் உடல்களில் இத்தகைய மந்தமான அழற்சி தொடர்ந்து நிலவுவதை 2000 ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி குளோடியோ பிரான்செஸ்கியும் அவரது சகாக்களும் 'அழற்சி முதுமை' எனக் குறிப்பிட்டனர்.

புரொஜீரியாவில் நிகழ்வது யாது? லமின்-ஏ என்ற புரதத்துக்குரிய பரம்பரையலகில் ஏற்படும் ஒரேயொரு எழுத்தின் மாற்றமே நோயின் மூலம் என்பது 2003 இல் கண்டறியப்பட்டது. அம்மாற்றத்தால் உருவாகும் 'புரொஜெரின்' என்னும் குறைபாடுள்ள புரதம் கலத்தின் கருமென்சவ்வில் ஒட்டிக்கொண்டு, கருவின் வடிவத்தைக் குலைக்கிறது, டி.என்.ஏ. சேதங்கள் பெருகுகின்றன. கருவின் உறை இவ்வாறு பழுதுற்ற எலிகளை ஆராய்ந்த ஸ்பானிய விஞ்ஞானிகள், அச்சேதத்தின் அபாய அறிவிப்பு அழற்சிக்குரிய பரம்பரையலகுகளை இயக்கிவிடுவதை 2012 இல் வெளியிட்டனர். சோடியம் சலிசிலேற்று என்ற அழற்சி எதிர்ப்பு மருந்து கொடுக்கப்பட்டபோது அந்த எலிகளின் ஆயுள் நீடித்தது. குறைபாடு திருத்தப்படாத நிலையிலும், அது மூட்டிய தீயைத் தணித்ததால் கிடைத்த பலன் அது.

வேர்னர் நோய் சற்றுத் தாமதித்து வருவது. 1904 இல் ஜேர்மன் மருத்துவர் ஒட்டோ வேர்னர் விவரித்த இந்நோய் ஜப்பானில் அதிகமாகக் காணப்படுகிறது. இருபதுகளில் நரை, முப்பதுகளில் கண்புரையும் நீரிழிவும், ஆறாத கால் புண்கள், ஐம்பதுகளில் புற்றுநோயினாலோ மாரடைப்பினாலோ மரணம் என்பதே இதன் போக்கு. இந்நோயாளரின் குருதியிலும் அழற்சியைக் காட்டும் புரதங்கள் உயர்ந்திருப்பதை ஜப்பானிய ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன.

நிர்ப்பீடனம் மிகைப்பதைப் போலவே குன்றுவதும் உண்டு. அற்றாக்சியா ரெலஞ்சியெக்ராசியா என்ற நோயில், டி.என்.ஏ. முறிவுகளைச் சீர்செய்ய உதவும் ஏ.ரி.எம். புரதம் செயலிழந்துவிடுகிறது. நிணநீர்க் கலங்கள் உருவாகும்போது தமது டி.என்.ஏ.யை வெட்டி ஒட்ட வேண்டியிருப்பதால் அவையும் குறைவுபடுகின்றன. இதனால் பிள்ளைகள் அடிக்கடி சுவாசத் தொற்றுக்களுக்கு ஆளாகின்றனர். சாதாரண முதியவர்களிடமும் இவ்விரு முகங்களையும் காணலாம்: கிருமி வரும்போது எதிர்ப்பு தளர்கிறது, கிருமி இல்லாத வேளையிலோ அழற்சி தணிய மறுக்கிறது.

2020 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் லொனாபார்னிப் என்ற மருந்தைப் புரொஜீரியாவுக்கு அங்கீகரித்தது. கருமென்சவ்வில் புரொஜெரின் குவிவதைக் குறைக்கும் இம்மருந்து, நீண்டகாலக் கண்காணிப்பில் ஆயுளைச் சராசரியாக இரண்டரை ஆண்டுகள் நீடித்துள்ளது. அது நோயை முற்றாகக் குணப்படுத்துவதில்லை. அழற்சி எதிர்ப்பு மருந்துகள் பற்றிய முடிவுகளோ பெரும்பாலும் எலிகளிலும் ஆய்வுகூடக் கலங்களிலும் பெறப்பட்டவை. ஆகவே, முதுமையைத் தள்ளிப்போடலாம் என்ற எண்ணத்தில் எவரும் அவற்றைத் தாமாக உட்கொள்வது ஆபத்தானது.

இறுதியாக, நமது சமூகங்கள் மனங்கொள்ள வேண்டிய விடயமொன்று உண்டு. புரொஜீரியா தொற்றுநோயன்று, பெற்றோரின் பாவத்தின் விளைவுமன்று. அது பெரும்பாலும் புதிதாகத் தோன்றும் விகாரம் என்பதால், உறவுத் திருமணமும் அதற்குக் காரணமாகாது. வேர்னர் நோயும் அற்றாக்சியாவும் அவ்வாறல்ல. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதடைந்த பரம்பரையலகு கிடைத்தாலே அவை வெளிப்படும். நெருங்கிய உறவுத் திருமணங்களில் அதற்கான வாய்ப்பு அதிகம். மச்சான், மச்சாள் உறவில் மணமுடிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் இத்தகைய நோய் முன்னர் தோன்றியிருப்பின், திருமணத்துக்கு முன் மருத்துவ ஆலோசனை பெறுவது விவேகமாகும். பாதிக்கப்பட்ட பிள்ளையை மறைத்து வைப்பதால் அதன் நோய் குறையப்போவதில்லை. கிடைக்கக்கூடிய சிகிச்சையும், சக பிள்ளைகளின் நட்பும், பள்ளிக்கூடமுமே அதற்குக் கிட்டாமற் போகின்றன.