ஜின்செங்

ஜின்செங் என்பது கொரியா, வடகிழக்குச் சீனா, ரஷ்யாவின் தூரக்கிழக்கு ஆகிய பகுதிகளின் குளிர்ந்த மலைக்காடுகளுக்கு உரிய பல்லாண்டுச் செடி. அதன் வேரே மருந்து. தாவரவியல் பெயர் பானாக்ஸ் ஜின்செங்; 'பானாக்ஸ்' என்பது சகல நோய்க்கும் மருந்து என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சீனத்தில் 'ரென்ஷென்' என்பார்கள். 'ரென்' என்றால் மனிதன். முற்றிய வேர் கைகால் முளைத்த ஆளைப்போலக் கிளைத்திருப்பதால் வந்த பெயர் அது. கொரியர்களுக்கு 'இன்சம்'.

செடி முழங்கால் உயரம்தான் வளரும். நேர்வெயில் ஆகாது என்பதால் தோட்டங்களில் பந்தலிட்டு, நிழலில் வளர்க்கிறார்கள். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் தண்டு பட்டுப்போகும். அது இருந்த இடத்தில், வேரின் கழுத்தில் ஒரு வடு விழும். அந்த வடுக்களை எண்ணித்தான் வயதைக் கணிக்கிறார்கள். காட்டு ஜின்செங் தேடி மலையேறும் கொரியர்களுக்குச் 'சிம்மானி' என்று பெயர். செடி கண்ணில் பட்டதும் 'சிம் பார்த்தேன்' என்று காடு அதிரக் கூவுவது அவர்கள் வழக்கம். 'சிம்' என்பது ஜின்செங்கின் பழைய கொரியப் பெயர். பிறகு சல்லிவேர் ஒன்றுகூட அறாமல் மண்ணை மெல்ல விலக்கி எடுப்பார்கள்.

தோண்டிய ஈரவேர் 'சுசம்'. அதைக் காயவைத்தால் 'பெக்சம்', அதாவது வெள்ளை ஜின்செங். ஆவியில் அவித்துக் காயவைத்தால் 'ஹோங்சம்', சிவப்பு ஜின்செங்; இதற்கு ஆறு வயது வேரே உயர்வு. மஞ்சளை அவித்துக் காயப்போடுவதுபோல என்று சொல்லலாம். ஆனால் இங்கே நிறத்தோடு வேதிப்பொருள்களும் மாறுகின்றன.

சீனாவின் மிகப் பழைய மருந்து நூலான 'ஷென்னோங் பென்சாவ் ஜிங்' இதை முதல்தர மருந்துகளில் சேர்த்தது. இரத்தம் கொட்டி ஓய்ந்து கிடப்பவருக்கு ஜின்செங்கை மட்டும் காய்ச்சிப் புகட்டும் தனிவேர்க் கஷாயம் உண்டு. சோகை பிடித்த முகம், பசியின்மை, ஓயாத அசதி ஆகியவற்றுக்கு அதிமதுரம் உள்ளிட்ட வேறு மூன்று சரக்குகளோடு சேர்த்துக் கொடுப்பார்கள். வேர் உடம்புக்குச் சூடு. ஆகவே காய்ச்சல் தகிக்கும்போது பொதுவாகத் தவிர்ப்பார்கள். பழைய வைத்தியர் கையில் இது முதன்மையாக முதியவருக்கும் நோயில் இளைத்தவருக்கும் உரிய மருந்து. திடமாக இருப்பவர் இன்னும் திடமாக விழுங்கும் மாத்திரையானது பிற்காலக் கதை.

கொரியாவில் இது அடுப்படிக்கும் சொந்தம். 'சம்கேதாங்' என்ற சூப்புக்கு இளங்கோழியின் வயிற்றில் பசையரிசி, பூண்டு, சீன இலந்தை, சிறு ஜின்செங் வேர் ஆகியவற்றை அடைத்து வேகவைக்கிறார்கள். கோடையின் உச்சமான 'சம்போக்' எனும் மூன்று நாட்களில், வியர்வை வழிய, சட்டியில் தளதளவென்று கொதிப்பதை ஊதி ஊதிக் குடிப்பார்கள். சூட்டைச் சூட்டால் தணிப்பதாக நம்பிக்கை. வேரைக் கடித்தால் முதலில் கசப்பு, பிறகு மண்வாசனையோடு லேசான இனிப்பு.

ஐரோப்பாவுக்கு இதை விரிவாக அறிமுகப்படுத்தியவர்களில் முக்கியமானவர் பியர் ஜார்தூ என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி. 1709-இல் மஞ்சூரியாவில் செடியைக் கண்ட அவர், கனடாவிலும் இதே மாதிரிக் காடுகளில் இது கிடைக்கலாம் என்று எழுதினார். அதைப் படித்த லாஃபித்தோ என்ற இன்னொரு துறவி, 1716-இல் மொன்றியலுக்கு அருகே மொஹாக் பழங்குடியினரிடையே தேடி, உறவுச் செடியான அமெரிக்க ஜின்செங்கைக் கண்டுபிடித்தார். உடனே சீனாவுக்கு ஏற்றுமதி தொடங்கியது. 1784-இல் நியூயார்க்கிலிருந்து காண்டனுக்குப் புறப்பட்ட 'எம்ப்ரஸ் ஆஃப் சைனா' கப்பலின் முக்கியச் சரக்கே சுமார் 30 டன் ஜின்செங். சீன வைத்தியர்கள் இந்த அமெரிக்க வேரைக் குளிர்ச்சி என்று வகைப்படுத்தினார்கள். அகழ்ந்து அகழ்ந்து காடு வறண்டதால், 1975 முதல் அமெரிக்க ஜின்செங் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

வேரின் முக்கியச் சத்துகள் ஜின்செனோசைடு எனப்படும் சபோனின்கள். சோவியத் ஆய்வாளர் பிரெக்மன், உடல் நெருக்கடிகளைத் தாங்க உதவும் 'அடாப்டஜென்' வகையில் இதைச் சேர்த்துப் பேசினார். இன்றைய விளம்பரங்கள் அந்தச் சொல்லை விடுவதாக இல்லை. மாத்திரை, தேநீர், சக்தி பானம், முகக்கிரீம் வரை ஜின்செங் வந்துவிட்டது. ஆதாரம் அந்த வேகத்தில் வரவில்லை. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், புற்றுநோய்க் களைப்புள்ள 364 பேரில் ஒரு சாராருக்குத் தினம் 2000 மில்லிகிராம் அமெரிக்க ஜின்செங் தரப்பட்டது. எட்டாவது வாரத்தில் அவர்களின் களைப்பு மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. ஞாபகசக்தி, சர்க்கரை, ஆண்மை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, குறுகிய காலத்தவை.

அடிக்கடி சொல்லப்படும் பக்கவிளைவு தூக்கமின்மை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுவோருக்கு அமெரிக்க ஜின்செங் அந்த மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடும். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகள் தவிர்ப்பதே நல்லது.

பெயரை இரவல் வாங்கிய செடிகளும் உண்டு. 'சைபீரிய ஜின்செங்' வேறு பேரினம்; 2002 முதல் அமெரிக்கச் சட்டப்படி பானாக்ஸ் இனங்களைத் தவிர எதையும் ஜின்செங் என்று விற்கக்கூடாது. 'இந்திய ஜின்செங்' என்று விற்கப்படுவது அஸ்வகந்தா, நம் அமுக்கரா. கத்தரிக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. சித்த மருத்துவத்தில் அமுக்கராச் சூரணம் என்று அதன் சொந்தப் பெயரிலேயே மருந்து இருக்கிறது.